நினைவகம்: அளவா, வேகமா?

பஞ்சாயத்து நிர்வாகத்தில் கணிப்பொறி இன்று இன்றியமையாத சாதனமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டமும் கணக்கும் பதிவாகின்றன. கணிப்பொறி மந்தமாயின், அலுவலகத்திற்கு வந்த குடியானவர் அரைநாள் வேலையை இழந்து காத்திருக்க நேரிடுகிறது. இக்குறையைப் போக்க நினைவகத்தின் அளவைப் பெருக்குவதா, வேகமான நினைவகம் வாங்குவதா? செலவாவது பொதுப்பணமாதலால் இதனைச் சற்று ஆராய்வோம்.

களமும் கிடங்கும்

காங்கேயம் வட்டாரத்துக் கொப்பரை உலர்களங்களை நாம் அறிவோம். கணிப்பொறியில் கிடங்கு போன்றது வட்டு. களம் போன்றது நினைவகம். களத்தின் பரப்பே நினைவகத்தின் அளவு. ஆட்களின் கைவேகமே அதன் வேகம். களம் போதாதெனில், பரப்பியதில் பாதியை அள்ளிக் கிடங்கில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் காயவைக்க இயலும். ஆட்கள் எத்துணைச் சுறுசுறுப்புடையவராயினும் பொழுது நடையிலேயே கழியும்.

நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க, வினாடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு காலம் போதும். சுழலும் வட்டிலிருந்து எடுக்க வினாடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகும். இது லட்சம் மடங்கு தாமதம். ஆதலின் இடப் பற்றாக்குறையை வேகத்தால் ஈடுசெய்ய இயலாது.

வேகத்தின் பயன்

டி.டி.ஆர்.4 வகையில் 2666-க்குப் பதில் 3200 வேகமுள்ளதை வாங்கினால், ஏட்டளவில் வேகம் 20 சதவீதம் கூடும். கடிதம், கணக்கு, இணையப் பதிவு ஆகிய பணிகளில் அவ்வேறுபாடு புலப்படுவது அரிது. வரைபடம், காணொளி போன்ற பணிகளில் ஓரளவு பயன் உண்டு. தாய்ப்பலகை ஏற்கும் வேகத்திற்கு மேற்பட்டதை வாங்குவது வீண்.

முடிவு செய்யும் முறை

விண்டோஸ் கணிப்பொறியில் வழக்கமான பணிகளையெல்லாம் திறந்துவைத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்துக. தோன்றும் பட்டியலில் நினைவகப் பயன்பாடு எப்போதும் 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் அளவைப் பெருக்குவதே முறை. பாதிக்கு மேல் காலியாயிருப்பின் குறை வேறிடத்தில் உள்ளது. சுழலும் வட்டை நீக்கித் திடநிலை வட்டு பொருத்துவது பெரும்பாலும் பலன் தரும்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. குறைந்தபட்சத் தேவையே; சாதாரண அலுவலகப் பணிக்கு 8 ஜி.பி.யும், பல பணிகளை ஒருங்கே செய்ய 16 ஜி.பி.யும் ஏற்றவை. ஒரே 16 ஜி.பி. பலகையைவிட, 8 ஜி.பி. பலகைகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் செய்திகள் இரு பாதைகளில் செல்லும். வேறுபட்ட வேகமுடையவற்றைக் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும். டி.டி.ஆர்.5 பலகை டி.டி.ஆர்.4 துளையில் பொருந்தாது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. பழைய பொறிகள் சில விண்டோஸ் 11-ஐ ஏற்கமாட்டா. அத்தகைய பொறிக்கு நினைவகம் வாங்குமுன், அதனை வைத்துக்கொள்வதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

விலைப்புள்ளி கோருமுன் உறுப்பினர்கள் இச்சோதனையை நேரில் செய்து பார்ப்பார்களாக. முதலில் களத்தை விரிவாக்குவோம். ஆட்களின் வேகத்தைப் பின்னர் கருதுவோம்.