துலாத் தும்பி வரும் காலம்
விடுமுறைக் காலையில் செலவில்லாமல் காணக்கூடிய காட்சிகள்

ஓணம் முடிந்து நவராத்திரி நெருங்கும் நாட்களில் திருவனந்தபுரத்துக்கு விருந்தாளிகள் வருகை அதிகம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலமாக வந்து சேர்வதை நம்மவர் எல்லோரும் அறிவர். அதே நாட்களில் மேளதாளம் எதுவுமின்றி வேறு சில விருந்தாளிகளும் இந்நகருக்கு வருகின்றனர். யாரும் அவர்களை எதிர்கொண்டு அழைப்பதில்லை. பலர் கவனிப்பதுகூட இல்லை.

பறவைகளும் பூச்சிகளும்தான் அந்த விருந்தாளிகள். சில பறவைகள் இமயமலை அடிவாரத்திலிருந்து வருகின்றன. சில இன்னும் வடக்கே, மத்திய ஆசியாவிலிருந்து வருகின்றன. ஒரு பூச்சியோ இங்கே சில நாள் தலைகாட்டிவிட்டுக் கடல் தாண்டிப் போய்விடுகிறது. இவற்றைக் காண டிக்கெட் வேண்டியதில்லை. விடுமுறை நாளில் காலை இரண்டு மணி நேரமும் டவுன் பஸ் கட்டணமும் இருந்தால் போதும்.

இரண்டு மழைக்கு நடுவே

மேல்நாடுகளில் இந்தப் பருவத்தில் இலைகள் பழுத்து உதிரும். மரங்கள் மொட்டையாக நிற்கும். இங்கே அப்படி இல்லை. நம் முன்னோர் ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம் என்றும் வகுத்தனர். மலையாளத்தில் அவையே சிங்ஙம், கன்னி, துலாம், விருச்சிகம் ஆகிய மாதங்கள்.

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் ஓயத் தொடங்குகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறது. பிற்பகலில் இடியும் மின்னலுமாக வரும் இந்த மழையைத்தான் மலையாளிகள் துலாவர்ஷம் என்கின்றனர். இரண்டு மழைக்கும் நடுவே குளங்கள் நிரம்பியிருக்கும். வரப்புகளில் ஈரம் காயாமல் இருக்கும். காலையில் நல்ல வெயிலும் அடிக்கும். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் பூச்செடி தழைக்கும். பூவும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் பூச்சி பெருகும். பூச்சி பெருகிய இடத்துக்குப் பறவை வரும். இந்தப் பருவத்தின் கணக்கு இவ்வளவுதான்.

வரப்போரப் பூக்கள்

ஓணத்துக்கு வீட்டு வாசலில் போடும் அத்தப்பூக் கோலத்துக்கு இன்று தோவாளையிலிருந்து வரும் கேந்தியும் வாடாமல்லியும்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. சாலை கடைவீதியில் பூக்கட்டும் நம்மவர்களுக்கு இது நல்ல வியாபாரம். ஆனால் இந்த வழக்கம் தொடங்கிய காலத்தில் பூவை யாரும் விலைக்கு வாங்கியதில்லை. சிறுவர் சிறுமியர் கூடையுடன் வயலோரமும் தோட்டத்துக்கும் போய்ப் பறித்து வந்தனர்.

அவற்றில் முதலிடம் தும்பைக்கு. நம் ஊரில் சிவபூஜைக்கு எடுக்கும் அதே வெள்ளைத் தும்பைதான் இங்கும் ஓணத்துக்கு உரிய பூ. அடுத்தது முக்குற்றி. தரையோடு தரையாகச் சிறு தென்னங்கன்று போல நிற்கும் செடி. அதன் நடுவில் மஞ்சள் பூக்கள். இதன் இலையும் தொட்டாற்சிணுங்கியைப் போலவே தொட்டால் மடங்கும். மூன்றாவது காக்காப்பூ. ஈர வரப்பிலும் பாறை இடுக்கிலும் நீலமாகப் பூக்கும் மிகச் சிறிய பூ இது. பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றினாலும் இந்தச் செடி பூச்சி தின்னும் வகையைச் சேர்ந்தது. ஈர மண்ணில் புதைந்த பகுதியில் கடுகை விடச் சிறிய பைகள் இருக்கும். தண்ணீரில் நீந்தும் நுண்ணிய உயிர் அருகே வந்து பட்டதும் பையின் வாய் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆவதில்லை.

வேலி ஓரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகச் செங்காந்தளைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான இதை இங்கே மேந்தோன்னி என்பர். அழகான பூ, ஆனால் செடி முழுவதும் விஷம். கிழங்கு உயிருக்கே ஆபத்தானது. குழந்தைகளுடன் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாலையோரத்தில் கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நிற்கும் இடத்தில் கருநீலச் சிறகில் வெளிர்நீலப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைக் காணலாம். அவை தேனுக்காக வருபவை அல்ல. அந்தச் செடியின் கசப்புச் சத்தை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் அவற்றைப் பறவைகள் தின்னத் தயங்குகின்றன. இந்த இனமும் மழைக்கேற்ப மேற்குமலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே போய் வரும் யாத்திரை இனம்தான்.

ஆறு மணிக் குருவி

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விடியற்காலையில் மரம் அடர்ந்த தோட்டப் பக்கம் இரண்டு சுரத்தில் தெளிவான சீழ்க்கை ஒன்று கேட்டால், அது ஆறு மணிக் குருவியாக இருக்கலாம். காலை ஆறு மணி சுமாருக்கும் மாலை ஆறு மணி சுமாருக்கும் குரல் கொடுப்பதால் தமிழில் இதற்கு இந்தப் பெயர். மலையாளத்தில் காவி என்பர். வடநாட்டில் நவரங் என்ற பெயரும் உண்டு. முதுகில் பச்சை, தோளில் நீலம், வயிற்றின் அடியில் ரத்தச் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை என்று இத்தனை நிறம் கொண்டிருந்தும் இது எளிதில் கண்ணில் படுவதில்லை. தரையில் உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு பூச்சி தேடுவதே இதன் பிழைப்பு.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க வருகிறது. பயணம் முழுவதும் இரவில்தான். நகரத்து விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி, சுவரில் மோதி, வீட்டுத் திண்ணையிலோ அலுவலக வராந்தாவிலோ களைத்து விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் என்ன செய்யலாம் என்பது கடைசியில் சொல்லப்பட்டுள்ளது.

புஞ்சக்கரி வயல்

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வெள்ளாயணி, புஞ்சக்கரிப் பக்கம் இறங்கலாம். வெள்ளாயணிக் காயல் கடலோடு சேராத நன்னீர் ஏரி. இதில் பறிக்கப்படும் தாமரை கோயில்களுக்குப் போகிறது. காயலை ஒட்டிய தாழ்நிலம்தான் புஞ்சக்கரி வயல்.

ஆண்டு முழுவதும் அங்கே மடையானும் கொக்கும், தாமரை இலை மீது நடக்கும் இலைக்கோழியும், நீலத் தாழைக்கோழியும் உண்டு. செப்டம்பர் முதல் வெளியூர்க்காரர்கள் சேர்கின்றனர். வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் வாலாட்டிக் குருவி முதலில் வருபவர்களில் ஒன்று. பின்னர் சேற்றில் அலகைக் குத்தி இரை தேடும் உள்ளான்கள், நீலச்சிறகி வாத்துகள், கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்கள் என ஒவ்வொன்றாக வரும். நீலவால் பஞ்சுருட்டானைக் கவனிப்பது நல்ல பொழுதுபோக்கு. கம்பியிலிருந்து பாய்ந்து பறக்கும் தட்டானைப் பிடிக்கும். திரும்பி வந்து கம்பியில் இரண்டு மூன்று முறை அடித்துவிட்டு விழுங்கும். நாகர்கோவில் பாசஞ்சரில் தினமும் போய் வருகிறவர்கள், 1979இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் ஓரத்து வயல்களிலும் கம்பிகளிலும் ஜன்னல் வழியாகவே இக்காட்சியைத் தேடலாம்.

இங்குப் பறவைகளைக் கணக்கெடுத்தவர்கள் முன்பே உண்டு. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய சலீம் அலி வந்தபோது திருவனந்தபுரம் மியூசியத்தின் உதவியும் கிடைத்தது. பின்னர் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கே. கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்ற பெயரில் 1958இல் கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிய நூல், சாமானிய மக்களையும் பறவை பார்க்க வைத்தது.

கடல் தாண்டும் தட்டான்

இத்தனை விருந்தாளிகளிலும் வியப்புக்குரியது ஒரு தட்டான். இங்கே முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழில் தும்பி என்றால் வண்டையும் குறிக்கும். மலையாளிகள் தும்பி என்பது நம் தட்டானைத்தான். மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகளுடன் வண்ணத்துப்பூச்சி போல மெல்லப் பறப்பது ஓணத் தும்பி. அடுத்து ஐப்பசியில், அதாவது துலா மாதத்தில், தெளிந்த சிறகும் பொன்னிற உடலும் கொண்டு கூட்டமாக வருவது துலாத் தும்பி. புத்தரிக்கண்டம் மைதானம், சங்குமுகம் கடற்கரை போன்ற திறந்த வெளிகளில் மழைக்கு முன்னும் பின்னும் தேடிப் பார்க்கலாம். உட்காராமல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தத் தட்டானுக்கும் மழைக்கும் உள்ள உறவு அதைவிடப் பெரியது.

மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியல் அறிஞர், ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்து இறங்குவதைக் கண்டார். குளமோ ஏரியோ இல்லாத அந்தத் தீவுகளில் இவை பிறந்திருக்க முடியாது. பல ஆண்டுகள் தேதிவாரியாகக் குறித்து, முதலில் தென்னிந்தியா, பிறகு மாலத்தீவின் தலைநகர் மாலே, பிறகு தெற்குத் தீவுகள், அதன் பிறகு செஷல்ஸ் என்று இவை தோன்றும் வரிசையைக் கண்டறிந்தார். 2009இல் வெளிவந்த அவரது கட்டுரையின்படி, இவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கே ஏறத்தாழ 600 கிலோ மீட்டர் கடல். அரைக் கிராம்கூட எடையில்லாத பூச்சி இதை எப்படிக் கடக்கிறது? ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, அங்கே வடகிழக்கிலிருந்து வீசும் காற்றில் ஏறிக்கொள்கிறது என்கிறார் ஆண்டர்சன். மழை மேகம் நகரும் திசையில் இதுவும் நகர்கிறது. போய்ச் சேரும் இடத்தில் மழை பெய்து குட்டை நிரம்பியிருக்கும். அதில் முட்டையிடுகிறது. ஒன்றரை, இரண்டு மாதங்களில் புதிய தலைமுறை சிறகு விரித்து, அடுத்த மழையைத் தேடிப் புறப்படுகிறது. இப்படிச் சுமார் நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோ மீட்டர் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. புறப்பட்ட தட்டான் திரும்பி வருவதில்லை. அதன் வம்சம் திரும்பி வருகிறது.

இதே பருவத்தில் சைபீரியாவிலிருந்தும் வட சீனாவிலிருந்தும் வரும் அமூர் வல்லூறுகளும் அரபிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கா செல்கின்றன. வழியில் இந்தத் தட்டான்களே அவற்றுக்கு உணவு என்று கருதப்படுகிறது. 2012இல் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கப் பகுதியில் இந்த வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வலைவீசிக் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊரார் சேர்ந்து முடிவு செய்ததால் மறு ஆண்டே அந்த வேட்டை நின்றது. வலை விரித்தவர்களே காவலர்களாக மாறினர்.

தேங்கும் தண்ணீர் தேவை

ஆயிரக்கணக்கான மைல் பறக்கும் இனமானாலும் அதன் பிழைப்பு முழங்கால் அளவு மழைத் தண்ணீரை நம்பி இருக்கிறது. தட்டானின் குஞ்சுகள் தண்ணீருக்குள் வளர்ந்து கொசுப் புழுவைத் தின்கின்றன. வளர்ந்த தட்டானும் கொசுவைத் தின்கிறது. உள்ளானுக்குச் சேறு வேண்டும். காக்காப்பூவுக்கு ஈர வரப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை நெல்வயல்.

நெல் போய் வாழையும் மரச்சீனியும் வந்த வயல்கள் பல. அதன் பிறகு லாரியில் செம்மண் வந்து விழுந்தால் வயல் மனையாகிவிடுகிறது. நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் பாதுகாக்க 2008இல் கேரளம் தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் வருவதற்கு முன்பே நிரப்பப்பட்டவை ஏராளம். மண் கொட்டும் லாரியிலும், மனையில் எழும் கட்டடத்திலும் கூலிக்கு உழைப்பவர்களில் நம்மவரும் உண்டு. வயலை நிரப்புவது கூலியாளின் முடிவல்ல. அவர் வேலையை விட்டுவிடவும் முடியாது. ஆனால் ஊரில் சொந்தமாக அரை ஏக்கரோ, பங்காளிகளுடன் பொதுக் குளமோ உள்ளவர்கள் நம்மில் அநேகர். அதை விற்பதா, நிரப்புவதா, தண்ணீர் நிற்க விடுவதா என்பது நம் கையில் உள்ள முடிவு. வெளியூரில் பிழைக்கிறவனுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் வேண்டும். தட்டானுக்கும் உள்ளானுக்கும் அந்த ஊர், தண்ணீர் தேங்கும் ஒரு துண்டு நிலம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

காலை ஆறு முதல் எட்டு மணி வரை சிறந்த நேரம். ஐப்பசியில் பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பிவிடுவது நல்லது. இடி இடிக்கும்போது திறந்த வயலில் நிற்கக் கூடாது. பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். வரப்பில் பயிரை மிதிக்காமல் நடக்க வேண்டும். பூவைப் பறிக்காமல் பார்த்தால் அடுத்து வருகிறவரும் பார்க்கலாம். கண்டதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எந்த வாரம் யார் வருவார் என்று நீங்களே சொல்லலாம்.

ஆறு மணிக் குருவி விழுந்து கிடந்தால் பூனை, காக்கைக்கு எட்டாதபடி மெல்ல எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைக்க வேண்டும். சோறோ பாலோ புகட்டக் கூடாது. சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால், புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு இன்னும் பயணம் மீதம் இருக்கலாம்.