ஏரி மீனும் வானிலையும்

மீன் கடிக்காத நாளில் தூண்டில்காரர் இரையைக் குறை கூறுவர். முள்ளைக் குறை கூறுவர். சிலர் வீட்டை விட்டுப் புறப்பட்ட வேளையையே குறை கூறுவர். இவற்றுள் இறுதியாகச் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது பஞ்சாங்கத்தின் வேளை அன்று, நீரின் வேளை. வெயிலும் காற்றும் மழையும் ஏரி நீரை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிந்தால், மீன் எங்கே நிற்கும், எப்பொழுது இரை தேடும் என்பது விளங்கும். எப்பொழுது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதும் விளங்கும்.

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு ஏரி புதிதன்று. நாம் ஏரி என்பதை இங்கே 'செருவு' என்பர். கரையும் மதகும் கலிங்கும் அதே அமைப்புத்தான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இம்மண்ணுக்கு உண்டு. எனினும் கீழ்ப்பகுதி ஏரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில்தான் நிரம்புகின்றன. மே மாதத்தில் பல ஏரிகள் குட்டையாகச் சுருங்கிவிடுகின்றன. கெண்டை, கெளுத்தி, தேளி, விரால் ஆகியவை இவற்றில் இயற்கையாக வாழ்வன. ஆந்திர மக்கள் 'கொர்ரமீனு' என்று விரும்பி உண்பது நம் விராலைத்தான். கட்லா, ரோகு போன்றவை குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்படுபவை.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுளால் பிரித்தெடுத்தே மீன் சுவாசிக்கிறது. நீர் சூடேற ஏற, அதில் கரையக்கூடிய பிராணவாயு குறைகிறது. வெப்பம் 20 பாகை செல்சியஸாக உள்ள நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். மீனின் தேவையோ வெப்பம் மிகுந்தால் கூடுகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான் கோடையில் மீனின் நிலை. அது வீணாக ஓடாது, இரையைத் துரத்தாது, ஆழத்திலோ மர நிழலிலோ அடங்கிக் கிடக்கும். நடுப்பகலில் தூண்டிலிடுவோர் வெறுங்கையுடன் திரும்புவதற்குக் காரணம் இதுவே.

அவ்வாறாயின் விடியற்காலையே சிறந்ததன்றோ என்று கேட்கலாம். தெளிந்த நீருக்கு அது பொருந்தும். பாசி மிகுந்து பச்சை படர்ந்த ஏரிக்கு அது முற்றும் பொருந்தாது. பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் அதை உட்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. ஆதலின் சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர் அந்நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். அப்பொழுது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைக் காணலாம். அது பசியின் அடையாளம் அன்று, மூச்சுத் திணறல். இத்தகைய ஏரியில் வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் சென்றபின் தூண்டிலிடுவதே பயன் தரும். மாலையில் வெயில் தணியும் வேளை எல்லா ஏரிகளுக்கும் ஏற்றது. விராலும் தேளியும் மட்டும் விதிவிலக்கு. அவை மேலே வந்து காற்றையே உட்கொண்டு சுவாசிக்க வல்லவை. அதனால்தான் பிற மீன்கள் மடியும் கோடைக் குட்டையிலும் அவை பிழைத்திருக்கின்றன.

இடத்துக்கு இடம் இக்கணக்கு மாறும். பலமனேரும் குப்பமும் கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் உள்ள மேட்டு நிலம். அங்கே மார்கழிக் காலையில் நீர் குளிர்ந்து மீன் சோம்பியிருக்கும். வெயில் நன்கு ஏறிய பின்னரே இரை தேடும். திருப்பதி, காளத்திப் பக்கத்துத் தாழ்நிலத்தில் அதே மாதத்தில் காலையிலேயே மீன் கிடைக்கும். அமெரிக்க நாட்டு ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. குளிர்காலம் முழுதும் ஆழத்தில் இருக்கும் அம்மீன், வசந்தத்தில் நீரின் வெப்பம் 15 பாகையைக் கடந்து உயரும்போது முட்டையிடக் கரையோரம் வருகிறது. அதனால் அந்நாட்டுத் தூண்டில்காரர் வெப்பமானி கொண்டு நீரை அளந்து பார்ப்பதும் உண்டு. அங்கே குளிர் மீனை அடக்குகிறது; இங்கே வெயில் அடக்குகிறது.

மேகமூட்டமும் மெல்லிய காற்றும் தூண்டிலுக்கு நல்ல துணை. ஒளி மங்குவதால் மீன் அச்சமின்றிக் கரையை அணுகும்; சிற்றலை எழுந்து காற்று நீரில் கலக்கும். ஆயினும் காற்றே இல்லாத மூட்டம் பல நாள் நீடித்தால் பாசியின் பகல் வேலை குன்றி, பிராணவாயு குறைந்து மீன்கள் மடிவதும் உண்டு. கனத்த மழை பெய்து நீர் கலங்கினால், கண்ணால் இரை தேடும் விராலுக்கு இடர். மீசையால் தடவி அறியும் கெளுத்திக்கு அதுவே நல்ல வேட்டைக்காலம்.

காற்றழுத்தம் குறைந்தால் மீன் கடிக்காது என்று சிலர் உறுதியாகக் கூறுவர். 10 மில்லிபார் மாறுதல் என்பது சுமார் 10 சென்டிமீட்டர் நீரின் அழுத்தமே. மீன் அவ்வளவு மேலே எழுந்தாலே அந்த மாறுதலை அடைந்துவிடும். ஆதலின் அழுத்தத்தைக் காட்டிலும், அதனுடன் வரும் காற்றும் மூட்டமும் குளிர்ச்சியுமே கருதத்தக்கவை. அமாவாசை, பௌர்ணமி பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே. பழவேற்காட்டு ஏரியில் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த பகுதிகளில், அந்நாட்களின் ஓதம் மீனையும் இறாலையும் நகர்த்துவது உண்மை. ஓதமே இல்லாத உள்நாட்டு ஏரிக்கு அதே கணக்கைப் போடுவது பொருந்தாது.

இனி, மீன் மிக எளிதாகக் கிடைக்கும் வேளை ஒன்று உண்டு. புதுவெள்ளம் வரத்துக்கால் வழியே இறங்கும்போது, பல மீன்கள் அதை எதிர்த்து ஏறும். அவை வருவது பெரும்பாலும் முட்டையிடுவதற்கே. அங்கே வலையைக் குறுக்கே கட்டினால் கூடை நிறையும். அடுத்த ஆண்டு ஏரி வெறுமையாகும். விராலோ ஆணும் பெண்ணுமாக நின்று குஞ்சுகளைக் காக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்புளிப்பதைக் கண்டு அங்கே தவளையைக் கோத்து வீசினால், காவல் நிற்கும் தாய் சீறிக் கடிக்கும். அதைப் பிடித்தால் கிடைப்பது ஒரு மீன். இழப்பது ஒரு தலைமுறை. கட்லா, ரோகு ஆகியவை தேங்கிய ஏரியில் முட்டையிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி ஊசிமருந்தின் மூலம் கெண்டையினத்தை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பின்னரே குஞ்சுகள் எங்கும் எளிதில் கிடைக்கலாயின. பல ஏரிகளில் அக்குஞ்சுகளை விலைகொடுத்து வாங்கி விடுவோர், குத்தகை எடுத்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களைக் கேளாமல் தூண்டிலிடுவது முறையாகாது.

கலிங்கு பாயும் இடமும் மீனுக்குப் பெயர் பெற்றதே. உயிருக்கு இடர் தருவதும் அதுவே. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளக்காடாயிற்று. சுவர்ணமுகி கரை புரண்டது. இராமச்சந்திராபுரம் அருகேயுள்ள இராயலசெருவின் கரையில் நீர் கசியத் தொடங்கியதால், கீழுள்ள ஊர்களின் மக்களை வேறிடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. உறுதியாகத் தோன்றும் கரையும் அத்தகைய நாளில் நம்பத்தக்கதன்று. இடி முழங்கும்போது திறந்த கரையில் நீண்ட தூண்டிற்கோலை ஏந்தி நிற்பதும் அவ்வாறே.

ஆதலின் ஏரிக்குப் புறப்படுமுன் வானொலியில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். கரை சேர்ந்ததும் நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பாருங்கள். கோடையில் மாலை, மேட்டு நிலத்துக் குளிரில் நண்பகல், பாசி ஏரியில் வெயில் ஏறிய காலை என்று வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். புதுவெள்ள நாட்களில் தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். அந்தச் சில நாள் பொறுமைதான் தை, மாசியில் ஏரி நிறைய மீனாக நமக்குத் திரும்பி வருகிறது.