வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவர் யார்?

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியைச் சொல்லியே எத்தனையோ பெண்கள் அடிவாங்கிய வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றனர். மறுப்பவர்களுக்கு நம் ஊர்கள் காட்டும் மாற்றுவழி, பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீடு போவது. சகித்துக்கொள், இல்லையேல் வெளியேறு என்ற இவ்விரண்டுக்கும் நடுவே, தன் வீட்டில் இருந்துகொண்டே வன்முறையை நிறுத்தக் கோரும் உரிமை ஒன்று பெண்ணுக்கு உண்டு. அதைத் தந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழகத்தில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். இந்திய அளவில் இது 29 சதவீதம். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதத்தினரே.

ஏன் இந்த மௌனம் என்பதற்கு அன்னூர் வட்டாரத்தில் நான் காண்பவையே போதுமான விளக்கம். இங்கே பல குடும்பங்கள் தோட்டத்துச் சாளைகளில் வாழ்கின்றன. ஒரு வீட்டின் அலறல் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நூற்பாலை, விசைத்தறி வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்கிய பெண்களுக்கோ, பங்காளி, மாமன், மச்சான் என்று ஓடிவர ஆளில்லை. இரு தரப்பிலும் கேட்கும் சொல் ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுத்துப் போ கண்ணு." காவல் நிலையம் போனால் கணவர் சிறைக்குப் போவார், குடும்பம் முறிந்துவிடும் என்ற அச்சம் மீதியைச் செய்துவிடுகிறது.

இந்த அச்சத்துக்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. கணவர் அல்லது அவரது உறவினரின் கொடுமைக்குத் தண்டனை கோரும் குற்ற வழக்கு வேறு. அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின்கீழ் வருகிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் நோக்கம் பாதுகாப்பு. விவாகரத்து கோராமல், கணவரைக் கைது செய்யச் சொல்லாமல், 'அடிக்கக் கூடாது, பணியிடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது' என்று குற்றவியல் நடுவரிடம் உத்தரவு பெறலாம். அந்த உத்தரவை மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடி மட்டும் வன்முறை அன்று. இழிசொல், பாலியல் வற்புறுத்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், சீராக வந்த நகையைப் பெண்ணின் விருப்பமின்றி விற்றல் ஆகியவையும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும்.

கொங்கு நாட்டில் வீடும் பூமியும் பெரும்பாலும் மாமனார் பெயரில் இருக்கும். "இது என் வீடு, வெளியே போ" என்று மருமகளிடம் சொல்வது அதனால் எளிதாகிறது. 2020 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு முடிவு கட்டியது. கணவருக்குச் சொத்தில் பங்கு இல்லாவிட்டாலும், மாமனாருக்குச் சொந்தமானதாயினும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு 'பகிர்ந்து வாழும் இல்லம்' ஆகலாம். சொத்துரிமை வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. சட்டப்படியான நடவடிக்கையின்றி அவரை வெளியேற்ற முடியாது. தேவைப்பட்டால் கணவரையே வெளியேறுமாறு நடுவர் உத்தரவிடலாம். மாமியார், நாத்தனார் போன்ற பெண்களுக்கு எதிராக மட்டும் அவ்வாறு உத்தரவிட இயலாது. ஒரே வீட்டில் வாழ்வது ஆபத்து எனில், மாற்று வீட்டுக்கு வாடகை கேட்கலாம்.

மனைவிக்கு மட்டுமல்ல, தாய்க்கும் சகோதரிக்கும் விதவை மருமகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவரும் நிவாரணம் கோரலாம். அத்தகைய உறவு எது என்பதற்கு 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கிலிருந்து பிறந்ததுதான்.

மனுவை, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் அளிக்கலாம். ஆலைக் குடியிருப்பில் இருப்பவர் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. முதல் விசாரணை பொதுவாக மூன்று நாள்களுக்குள் நடக்க வேண்டும். 60 நாள்களில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் உண்டு. ஆகவே, மனுவுடனேயே இடைக்கால உத்தரவையும் கேட்டுப் பெறுவது அவசியம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞர் கிடைப்பார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உத்தரவு வரும்வரை உயிர் முக்கியம். உடனடி ஆபத்தில் 112, ஆலோசனைக்கும் மீட்புக்கும் 24 மணி நேரமும் 181. மருத்துவ உதவி, காவல், சட்ட ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கிடைக்கும். காயத்துக்குச் சிகிச்சை பெறும்போது, 'வழுக்கி விழுந்தேன்' என்னாமல் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை நம்பகமானவரிடம் கொடுத்து வைக்கலாம். பிரிந்து போகப்போவதாகச் சொல்லும் நேரமே மிக ஆபத்தானது. பாதுகாப்பான இடத்தை உறுதி செய்யும் முன் அதை அறிவிக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் இதில் பங்குண்டு. நல்லெண்ணத்துடன் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருபவர் மீது எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது என்று சட்டமே உறுதி தருகிறது.

ஆனால், அந்தப் பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார்? நிகழ்வு அறிக்கை தயாரிப்பது முதல் தங்குமிடம் ஏற்பாடு செய்வது வரை இச்சட்டத்தின் கைகால்கள் அவரே. அன்னூரிலிருந்து கோவை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சுமார் 30 கி.மீ. கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அது ஒருநாள் சம்பளம்; வீட்டில் விடை சொல்ல வேண்டிய ஒரு பகல். மாவட்ட அளவில் மட்டுமன்றி வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது இதனால்தான். அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வட்டாட்சியர் அலுவலகம், நியாய விலைக் கடை, அரசு மருத்துவமனை, ஆலை வாயில் ஆகிய இடங்களில் எழுதப்பட வேண்டும். தன் வீட்டில் அச்சமின்றி இருக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை ஒரு பெண் அறிந்துகொள்ள, அவர் முதலில் வீட்டைவிட்டு ஓடிவர வேண்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது.