ஈறில் தெரியும் இரத்த நோய்

பெங்களூருவின் கோட்டைப் பகுதியிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973-இல் நிறுவப்பெற்று, 1980-இல் வட்டாரப் புற்றுநோய் மையமாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உள்ளது. ஆயினும், ஈறில் இரத்தம் கசிகிறது என்று பல் மருத்துவரை நாடும் ஒருவருக்கு, அக்கசிவின் மூலம் இரத்தப் புற்றுநோயாக இருக்குமானால், இச்சிறு தொலைவைக் கடக்கப் பல வாரங்கள் ஆகிவிடுவதுண்டு. பற்பொடியை மாற்றுவது, உப்பு நீரால் வாய் கொப்பளிப்பது, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது என நாட்கள் கழிகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களிலிருந்து சிகிச்சைக்காக இந்நகருக்கு வருவோருக்கு இத்தாமதம் மேலும் நீளக்கூடும்.

இரத்த அணுக்கள் எலும்பு மச்சையில் உற்பத்தியாகின்றன. லூக்கீமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயில், முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மச்சையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணுக்கள் குறைவதால் உதடும் ஈறும் வெளிறுகின்றன. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள், ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்க வேண்டியவை, சில ஆயிரங்களாகச் சரிகின்றன. அப்போது காயம் ஏதுமின்றியே ஈறில் இரத்தம் கசியும். அண்ணத்தில் குண்டூசி முனையளவு செம்புள்ளிகள் தோன்றும். நோயை எதிர்க்க வல்ல வெள்ளணுக்கள் குறைவதால் ஆறாத புண்களும், வெண்படலமாகப் பூஞ்சைத் தொற்றும் உண்டாகின்றன. வாயில் கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. மெல்லும்போது நுண்ணிய காயங்கள் ஓயாமல் ஏற்படுகின்றன. மச்சையில் நேர்ந்த குறை வாயில் விரைவில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

இவற்றினும் குறிப்பான அறிகுறி ஒன்று உண்டு. சிலவகை லூக்கீமியாவில் நோயுற்ற அணுக்கள் ஈறுத் திசுவினுள்ளேயே புகுந்து தங்குகின்றன. ஈறு வீங்கி, பளபளத்து, கருஞ்சிவப்பாகிப் பற்களின் மேல் ஏறி நிற்கும். 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மோனோசைட் வகைத் தீவிர லூக்கீமியா உற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இவ்வீக்கம் காணப்பட்டது. மற்ற பெரும்பாலான வகைகளில் இது அரிதே. பல் முழுவதும் விழுந்துவிட்டவர்களின் ஈறில் இது பெரும்பாலும் தோன்றுவதில்லை என்பது வியப்புக்குரிய செய்தி. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போசைட் வகையிலும் ஈறு வீக்கம் குறைவு. வெளிறிய வாய், கசிவு, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவையே அங்குக் கவனிக்கத்தக்கவை.

ஈறில் இரத்தம் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. நூற்றில் மிகப் பெரும்பாலான கசிவுகளுக்குப் பல்லில் படிந்த காறையே காரணம்; சுத்தம் செய்தால் சில நாட்களில் அடங்கும். கருவுற்ற காலத்திலும் ஈறு வீங்கலாம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் ஆகிய மருந்துகளாலும் ஈறு தடிக்கும். டெங்குக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசியலாம். ஆனால் காறை மிகுதியாக இல்லாத வாயில் சில வாரங்களுக்குள் ஈறு பருத்தாலோ, சுத்தம் செய்த பின்னும் கசிவு நிற்காவிட்டாலோ, அதனுடன் சோர்வு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தோலில் காரணமற்ற நீலத்தழும்பு இவற்றுள் ஒன்று சேர்ந்தாலோ, பல் நோய் என்று முடிவு கட்டுவது தவறு. கீழுதடும் முகவாயும் காரணமின்றி மரத்துப்போவதும் இவ்வரிசையில் சேரும்.

அத்தகைய நிலையில் பல்லைப் பிடுங்குவதுதான் பெருந்தீங்கு. ஆடும் பல்லே குற்றவாளி என்று கருதி அகற்றிவிட்டால், குழியிலிருந்து இரத்தம் நிற்காமல் பெருகும். தொற்று எளிதில் உடலெங்கும் பரவும். முன்னதாகச் செய்ய வேண்டியது முழு இரத்த அணுக்கணக்கும், இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பதும். விலை மிகுந்த கருவியெதுவும் இதற்கு வேண்டுவதில்லை. வட்ட மருத்துவமனையிலேயே செய்யத்தக்க சோதனை இது. நம் நாட்டில் வாயைப் பரிசோதிப்பது என்றால் புகையிலையால் வரும் புற்றையே நினைக்கிறோம். அது நியாயமே, ஆயினும் கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்கும் அதே கண், ஈறையும் அண்ணத்தையும் பார்க்க மேலும் அரை நிமிடமே ஆகும்.

நாட்கணக்கு ஏன் முக்கியமெனில், புரோமைலோசைட் வகை லூக்கீமியாவைக் கருதலாம். ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவோடு தொடங்கும் இந்நோய், ஒரு காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. 1988-இல் சீனாவின் ஷாங்காய் நகர மருத்துவர்கள், வைட்டமின் ஏ-யின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலத்தால் நோய் தணிவதை வெளியிட்டனர். பின்னர் ஆர்சனிக் மருந்தும் அதனுடன் சேர்ந்தது. இன்று சிகிச்சை பெறுவோருள் பெரும்பாலோர் குணமடைகின்றனர். உயிரிழப்புகளுள் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே, மூளையிலோ நுரையீரலிலோ ஏற்படும் இரத்தப்போக்கால் நிகழ்கிறது. ஆதலால் ஐயம் எழுந்த அன்றே மருந்தைத் தொடங்கிவிட்டு, உறுதிச் சோதனையின் முடிவுக்குப் பின்னர் காத்திருப்பதே மருத்துவ வழக்கமாகிவிட்டது.