வழுக்கலையும் வழுவமைதியும்

கணிப்பொறியிற் சேமித்த நிழற்படம் ஒன்றை, இசையையும் பேச்சையும் திருத்துதற்கென அமைந்த மென்பொருளிலே திறந்து, அங்குள்ள எதிரொலி முதலிய கருவிகளால் மாற்றி, மீண்டும் படமாகவே காணும் முறையொன்று இந்நூற்றாண்டில் மேலைநாட்டுக் கலைஞரிடையே வழங்கி வருகின்றது. இதனைக் 'கிளிட்ச்' கலையின் ஒரு கூறாகக் கொள்வர். கிளிட்ச் என்பது மின்பொறியாளரிடை மின்னழுத்தம் நொடிப்பொழுது பிறழ்தலைக் குறித்த சொல். 1962ஆம் ஆண்டில் விண்வெளி வீரர் ஜான் கிளென் தம் எழுத்தில் அதனை அப்பொருளிலேயே விளக்கியுள்ளார். பின்னர் அது பொறிகளின் பிழை எதற்கும் பெயராயிற்று. தமிழில் இதனை வழுக்கலை என்று கூறலாம்.

இக்கலை பற்றி எழுதியோருள் இமான் மொராடி என்பார் 2004இல் ஒரு பாகுபாடு செய்தார். தானே நேர்ந்த பிழை ஒன்று. பிழைபோலத் தோன்றுமாறு வேண்டுமென்றே செய்தது மற்றொன்று. முன்னதைத் தூய வழு என்றும் பின்னதை வழுப்போலி என்றும் யாம் பெயர்த்துக்கொள்வோம். ஒலித்திருத்தியிற் படத்தை மாற்றும் முறை இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இரண்டனுள்ளும் அடங்காது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்கு அம்முறையின் உள்ளியல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

பழைய ஓலைச்சுவடிகளிற் செய்யுளை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் அரிது. எழுத்துகள் ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இடையறாது செல்லும். புள்ளியும் பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. யாப்பறிந்தவன் சீர் பிரித்து அடி வகுத்துப் படித்துக்கொள்வான். கணிப்பொறியிலுள்ள படமும் அத்தகையதே. 'பி.எம்.பி.' எனப்படும் வகையைச் சான்றாகக் கொள்வோம். அதன் வழக்கமான வடிவில் முதல் 54 பைட்டுகள் தலைப்பகுதியாகும். படத்தின் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். எஞ்சியவை 0 முதல் 255 வரையுள்ள எண்களின் ஒரே நெடுவரிசை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்னும் முறையில் மும்மூன்று எண்கள் நிற்கும். வரி எங்கு முடிகின்றது என்பதற்கு அவ்வரிசையுள் யாதொரு குறியும் இல்லை. தலைப்பகுதி கூறும் அகலமே யாப்பு. அதில் ஒரு புள்ளியைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடின் படம் முழுதும் சாய்ந்துவிடும். படத்தின் அடிவரி முதலிலும் மேல்வரி ஈற்றிலும் நிற்றல் இவ்வகையின் மரபு என்பதையும் நினைவிற் கொள்க; பின்னர் இது வேண்டப்படும்.

இனி ஒலித்திருத்தி. விலையின்றிக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகின்றது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகிய இருவர் 1999இல் தொடங்கி 2000இல் வெளியிட்ட மென்பொருள் அது. எவ்வகைக் கோப்பாயினும் அதனை 'மூலத்தரவு' என்று கொணருமாறு பணித்தால், ஒவ்வொரு பைட்டையும் ஒலியலையின் ஓர் அளவாக அது எடுத்துக்கொள்ளும். அகலம் 600, உயரம் 400 புள்ளிகள் உடைய படம் 7,20,000 எண்களாகும். நொடிக்கு 44,100 அளவுகள் என்னும் வழக்கமான விரைவில் அப்படம் ஏறத்தாழ 16 நொடி ஒலிக்கும். ஒரு வரிக்கு 1,800 எண்கள் ஆதலின், நொடிக்கு 24½ வரிகள் கடந்து செல்லும். அவ்வரிகளின் மீள்வரவே அடித்தளத்தில் ஓர் இரைச்சலாகக் கேட்கும். மாசற்ற நீல வானம் மும்மூன்று எண்களாய்த் திரும்பத் திரும்ப வருதலின் 14,700 அதிர்வெண் உடைய மெல்லிய கீச்சொலி ஆகின்றது. எம் வயதினர் செவிக்கு அஃது அரிதாகவே எட்டும். மாணாக்கர் உடனே முகஞ்சுளிக்கின்றனர்.

மாற்றங்களுக்கு வருவோம். தலைப்பகுதியை மட்டும் தொடலாகாது. யாம் முதன்முறை முயன்றபொழுது அனைத்தையும் சேர்த்துத் தேர்ந்து எதிரொலி ஊட்டினோம், படம் திறக்கவேயில்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறினும் சிறிதே மிக்க அத்தொடக்கத்தை விடுத்து எஞ்சியதைத் தேர்ந்து, இரண்டு நொடி இடைவெளியில் எதிரொலி ஊட்டுக. இரண்டு நொடி என்பது 88,200 அளவுகள். அதாவது சரியாக 49 வரிகள். ஆதலின் படத்தின் நிழலுருவம் மூலத்திற்கு நேர்மேலே 49 வரி உயர்ந்து தோன்றும். அடிவரி முதலில் நிற்றலின் பிந்தி வருவது மேலே செல்கின்றது. இடைவெளியை ஒரு நொடியாக்கின், 24 வரி உயர்ந்ததோடன்றி அரைவரி பக்கவாட்டிலும் நகர்ந்து, நடுவிற் பிளவுண்டது போல நிற்கும். காண்போர் இதனைத் தற்செயல் என்பர். கணக்கறிந்தோர்க்கு அஃது அகலத்தின் வெளிப்பாடே.

எண்வரிசையிடையே ஓர் எண்ணை மட்டும் நீக்கினால் நிகழ்வது இன்னும் நுட்பமானது. அவ்விடத்திற்கு மேலுள்ள புள்ளிகளிலெல்லாம் நீலத்தின் இடத்திற் பச்சையும், பச்சையின் இடத்திற் சிவப்பும் வந்து அமரும். உருவம் கெடாது, வண்ணம் மட்டும் முற்றும் பிறழும். ஓரெழுத்து விடுபட்ட ஓலையில் அதன்பின் சீரெல்லாம் பிறழ்ந்து நிற்பதை இது நினைவூட்டுகின்றது. முன்பின்னாகத் திருப்பும் கருவியைப் பயன்படுத்தின், படம் தலைகீழாகிப் பக்கமும் மாறி, சிவப்பும் நீலமும் இடமாறி நிற்கும்.

வண்ணங்கள் எதிர்பாராத பொலிவு பெறுதற்கு வேறொரு காரணமும் உண்டு. படத்தைக் கொணருங்கால் இக்கலைஞர் பெரும்பாலும் தேர்வது 'மியூ விதி' என்னும் குறிமுறையை. தொலைபேசிக்கென வகுக்கப்பட்டு வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய முறை அது. ஐரோப்பாவில் வழங்கியது 'ஏ விதி'. மியூ விதியில் 0, 128 என்னும் எண்கள் எதிரெதிர்த் திசையிலமைந்த பேரொலிகள். 127, 255 என்னும் இரண்டும் மௌனம். எனவே முழுக்கருமையும் நடுச்சாம்பலும் சம அளவிற் கூடின் ஒன்றையொன்று அழித்து மௌனமாகும். மௌனத்திற்குரிய எண்களுள் வெண்மையின் எண்ணும் ஒன்று. ஆகவே இருளும் சாம்பலும் கூடிய இடத்தில் வெண்மை தோன்றலாகும். ஒளியின் ஒழுங்கும் ஒலியின் ஒழுங்கும் வேறு வேறாதலின் விளைவு இது.

படத்தையும் ஒலியையும் ஒன்றன் வாயிலாக மற்றொன்றாகக் காணும் வேட்கை புதியதன்று. ஆஸ்கர் பிஷிங்கர் 1932இல் ஜெர்மனியிற் கோலங்களை வரைந்து திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் ஏற்றி ஒலிப்பித்தார். கனடாவில் நார்மன் மெக்லாரன் 1971இல் உருவாக்கிய 'சின்க்ரமி' என்னும் படத்தில் ஒலித்தடத்தின் வடிவங்களே திரையிலும் தோன்றின. ஆயின், அவர்கள் பிழையை நாடினாரல்லர்.

இப்பொழுது மொராடியின் பாகுபாட்டிற்குத் திரும்புவோம். ஒலித்திருத்தியாற் பிறந்த படம் தூய வழுவன்று. செய்தவன் கருதியே செய்தான். வழுப்போலியும் அன்று, கோப்பு உண்மையாகவே பிறழப் படிக்கப்பட்டுள்ளது, பிறழ்வின் சாயலை ஒருவன் தீட்டவில்லை. நம் இலக்கண நூலார் வழு, வழாநிலை என்னும் இரண்டோடு அமையாது வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றும் வகுத்தனர். பசுவை அன்பினால் தாயென அழைத்தல் திணை வழுவே. எனினும் காரணம் உண்மையின் அமைத்துக்கொள்ளப்படும். இவ்வகைப் படங்களும் காரணங்காட்டி அமைத்துக்கொள்ளத்தக்க வழுக்கள் என்க. காரணம் அறியாது கருவியை அழுத்தியவனும் அழகிய படம் பெறுதல் கூடும். எனினும் 49 வரியைக் கணக்கிட்டு இரண்டு நொடி வைத்தவனோடு அவனை ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது.

கோப்பின் வகை மாறின் இம்முடிபும் மாறும் என்பதை மறுப்பதற்கில்லை. 'ஜே.பெக்' வகையில் எண்கள் சுருக்கப்பட்டு, முன்னதைக்கொண்டே பின்னதைப் படிக்கும் நிலையில் நிற்கின்றன. ஆங்கே ஓர் எண் பிறழின் அடுத்துள்ளவை பலவும் பொருளிழக்கும். அதனாலேயே இக்கலைஞர் சுருக்கப்படாத வகைகளை நாடுகின்றனர்.

சுவடி பதிப்பிப்போர்க்கும் இதிற் பயன் உண்டு. காரணம் அறியப்பட்ட பிழை மூலத்திற்கு வழிகாட்டும். முன்பின்னாகத் திருப்பிய படத்தை மீண்டும் திருப்பின் வரியும் வண்ணமும் தத்தம் இடத்தை அடைகின்றன. நீக்கிய ஓர் எண்ணின் இடத்தில் ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்தாலும் அவ்வொரு புள்ளி நீங்கலாக ஏனையவை நேராகும். ஆனால் மியூ விதியிற் புகுந்து மீண்ட படத்தில், ஓரிடத்து மௌனம் முன்னர் 127ஆக இருந்ததோ 255ஆக இருந்ததோ என்பதை அக்கோப்பைக் கொண்டு அறிய இயலாது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்ற ஓலையைப் படித்தவனுக்கு முன்பின் சொற்கள் துணைசெய்தன. இங்குத் துணையாவன அருகிலுள்ள புள்ளிகள் மட்டுமே.