தடுமாறா முழங்கால்

கொச்சித் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து தங்கும்பொருட்டு, 1920களிலும் 1930களிலும் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் அங்குள்ள காயல் ஆழப்படுத்தப்பட்டது. அப்போது வாரியெடுத்த மண்ணைக் கொட்டிப் பெருக்கிய நிலமே வில்லிங்டன் தீவு. அதன் வாத்துருத்திப் பகுதியில், பிழைப்பை நாடி வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. உடல் உழைப்பையே முதலாகக் கொண்ட மக்கள் அவர்கள்.

அத்தீவின் படகுத்துறையில் சற்று நின்று பார்ப்போம். படகு வந்து அணைகிறது. அலைக்கேற்ப ஏறி இறங்குகிறது. துறையிலிருந்து படகினுள் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். இரு கால்களும் உள்ள நமக்கு அது நினைவிலும் நில்லாத செயல். விபத்தினாலோ நீரிழிவு நோயினாலோ தொடையளவில் காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் ஒருவருக்கோ அந்த ஓர் அடியே சோதனை. "முழங்கால் மடிந்துவிடுமோ?" என்ற அச்சம் அவரை விட்டு நீங்குவதில்லை. அந்த அச்சம் எதனால் எழுகிறது, அதைப் பொறியியல் எவ்வாறு தணித்திருக்கிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்குச் சொந்த மூட்டு எஞ்சியிருக்கிறது. தொடையின் முன்புறத் தசை அதனை இழுத்துப் பிடித்து, உடல் எடை ஏறும்போது மடியாமல் காக்கிறது. முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு மூட்டும் இல்லை. மூட்டைக் காக்கும் தசைப்பிடிப்பும் இல்லை. ஆகவே, செயற்கை மூட்டு தன் அமைப்பினாலேயே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதன் நுட்பத்தை வீட்டிலேயே கண்டறியலாம். இரண்டு மரத்துண்டுகளை ஒரு கீலினால் இணைத்து, முன்பக்கமாக மடியாதபடி ஒரு தடையும் வைத்து, நிமிர்த்தி நிறுத்துங்கள். மேலிருந்து கையால் அழுத்துங்கள். கையின் பாரம் இறங்கும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் கீல் இருந்தால், அழுத்த அழுத்தத் தண்டு விறைத்து நிற்கும். அதே கீல் அக்கோட்டுக்கு முன்னால் சிறிதளவு நகர்ந்துவிட்டாலோ, மறுகணமே மடிந்து விழும். செயற்கை முழங்காலின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்தச் சிறு இடைவெளியிலேதான் இருக்கிறது. குதிகால் தரையில் ஊன்றும் கணத்திலும், சரிவில் இறங்கும் போதும், பாரக்கோடு மூட்டுக்குப் பின்னால் சென்றுவிடுகிறது. வீழ்ச்சி நேரும் தருணங்கள் இவையே. கனமான கால்தான் உறுதியானது என்று எண்ணுவது தவறு. எடையைக் காட்டிலும் அச்சின் இடமே முக்கியம்.

இதற்குப் பழைய பரிகாரம் பூட்டு. நடக்கும்போது மூட்டைப் பூட்டிவிடுவது; உட்காரும்போது கையால் விடுவிப்பது. மடிந்து விழும் அச்சம் இதில் இல்லை. ஆனால் கால் ஒரு கம்பம்போல் நீட்டியே நிற்பதால், இடுப்பைத் தூக்கியோ காலைப் பக்கவாட்டில் வீசியோதான் நடக்க முடியும். விரைவில் களைப்பு வரும்; விரல்நுனி தரையில் தட்டி இடறலும் நேரும். மற்றொரு வழி, ஒற்றை அச்சைப் பாரக்கோட்டுக்கு நன்றாகப் பின்தள்ளி வைப்பது. அப்போது ஊன்றுகையில் உறுதி உண்டு. ஆனால் அடுத்த அடிக்காக மடக்க வேண்டிய நேரத்தில் மூட்டு எளிதில் மடங்காது. உறுதி வேண்டுமெனில் இயக்கம் குறைகிறது. இயக்கம் வேண்டுமெனில் உறுதி குறைகிறது.

இச்சிக்கலை அவிழ்த்தது நான்கு தண்டு மூட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்விரண்டையும் இணைக்கும் முன்தண்டு, பின்தண்டு என நான்கு உறுப்புகள் இதில் உண்டு. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதன் இரு கயிறுகளும் மேலே செல்லச் செல்ல நெருங்கி வந்தால், அவற்றை நீட்டினால் எங்கே சந்திக்குமோ அந்தப் புள்ளியைச் சுற்றியே பலகை அக்கணத்தில் திரும்பும். அங்கே ஆணியுமில்லை, அச்சுமில்லை. எனினும் அதுவே சுழல் மையம். கால் நீண்டு நிற்கும்போது இந்தக் கண்ணுக்குத் தெரியாத மையம் மூட்டுக்கு மேலேயும் பின்னாலேயும் அமையும்படி தண்டுகளின் நீளத்தைக் கணக்கிடுகின்றனர். மையம் இடுப்பை நெருங்குவதால், எஞ்சிய தொடையின் சிறு முயற்சியே மூட்டைப் பிடிக்கவும் மடக்கவும் போதுமானதாகிறது. மடங்க மடங்க மையம் கீழிறங்கி முன்னே வருகிறது. அத்துடன், மடங்கும்போது கால் சற்றுக் குறுகுவதால் விரல்நுனி தரையில் தட்டுவதும் குறைகிறது.

இவ்வகை மூட்டுகள் மேல்நாடுகளில் முன்பே இருந்தவை. விலைதான் எட்டாததாக இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா முதலிய அமைப்புகளுடன் சேர்ந்து, 'கதம்' என்னும் பல்லச்சு முழங்காலை 2022இல் வெளியிட்டது. இந்தியில் 'கதம்' என்றால் காலடி என்று பொருள். இம்மூட்டு 160 பாகை வரை மடங்கும். நெருக்கமான பேருந்து இருக்கையிலும் ஆட்டோவிலும் அமர இது உதவும். சர்வதேசத் தரமுறைப்படி 30 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கி இது சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு அக்காலால் 3,000 அடி வைப்பவருக்கு இது 1,000 நாள் நடைக்குச் சமம்.

ஆயினும், மூட்டு ஒன்றே நடையாகிவிடாது. தொடையைத் தாங்கும் சாக்கெட் சரியாகப் பொருந்த வேண்டும். அச்சின் இடத்தை வல்லுநர் அளந்து திருத்த வேண்டும். தசைகளுக்குப் பயிற்சி வேண்டும். ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது செயற்கைக் காலையும் முதலில் வைப்பது பொது விதி. இறங்குகையில் கைப்பிடியை விடலாகாது. மூட்டில் ஆட்டமோ புதிய ஓசையோ தென்பட்டால், மறுநாளைக்கு என்று ஒத்திப்போடாமல் காட்டிவிட வேண்டும்.

ஊரை விட்டு வாழும் நம்மவர்க்கு மேலும் ஒரு சொல். பொருத்திய மூட்டின் பெயரையும் அளவுக் குறிப்புகளையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் பழுது பார்க்க நேர்ந்தால் அது உதவும். மாற்றுத் திறனாளிகளுக்கு மத்திய அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லுபடியாவது. அதைப் பெற்றிராதவர்கள் விரைந்து பெறுவது நலம்.

படகுத்துறையில் தயங்கி நிற்பவருக்கு நாம் கை கொடுப்பது அன்பு. கை கொடுப்பார் இல்லாத நாளிலும் அவர் துணிந்து அடி வைக்கும்படி ஒரு முழங்காலை அமைத்துத் தருவது அறிவு. இரண்டும் சேரும் இடத்தில்தான் காலிழந்தவர் தம் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் மீள்கிறார்.