கடலடியிலுள்ள சாட்சி

2016-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி காலை தாம்பரம் விமானப்படைத் தளத்தினின்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. ஏழரை வருஷங் கழித்து, சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைலுக்கப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் அதனுடையவை எனக் கருதத்தக்க சிதைவுகள் காணப்பட்டனவென 2024 ஜனவரியில் சர்க்கார் அறிவித்தனர். படமெடுத்தது பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப ஸ்தாபனத்தாரின் ஆளில்லாக் கலம். தாம்பரத்தினின்று சென்றதை அண்டை ஊரார் கண்டது நமக்குப் பெருமையே.

இடந்தான் தெரிந்துவிட்டதே, இனியென்ன என்பாருமுண்டு. இடம் வேறு, காரணம் வேறு. காரணத்தைச் சொல்ல வேண்டியது முறிந்த பாகங்களே.

விமானத்தின் செங்குத்தான வாற்சிறகையே எடுத்துக்கொள்வோம். 2001 நவம்பர் 12-ந் தேதி நியூயார்க்கில் கிளம்பிய ஏர்பஸ் விமானத்தின் வாற்சிறகு ஆகாயத்திலேயே பிய்ந்து கடற்கழியில் வீழ்ந்தது. 265 பேர் மாண்டனர். சிறகை உடலோடு பிணைத்த இணைப்புகளில் வலப்புறப் பின்னிணைப்பு முதலில் அறுந்திருந்தது. அதாவது சிறகு பக்கவாட்டில் வளைக்கப்பட்டது. முன்சென்ற விமானம் எழுப்பிய காற்றுச் சுழலில், உதவி விமானி சுக்கான் மிதிகளை இடமும் வலமுமாக அளவுமீறி மிதித்ததே காரணமென விசாரணையில் முடிவாயிற்று. மிதியின் அமைப்பும் கம்பெனியார் அளித்த பயிற்சியும் அக்குற்றத்தில் பங்குபெற்றன.

2009 ஜூனில் அட்லாண்டிக்கில் 228 பேருடன் மூழ்கிய ஏர் பிரான்ஸ் விமானத்தின் வாற்சிறகும் மிதந்து கிடைத்தது. இதுவும் வானில் முறிந்ததோ என்ற ஐயம் எழுந்தது. நிபுணர் நோக்குகையில், அடிப்பாகம் முன்னோக்கி இழுபட்டு முறிந்திருந்தது. முழு உருவோடு நீரில் மோதியபோதே சிறகு கழன்றதெனக் கண்டனர். இரண்டும் வாற்சிறகே, சாட்சியமோ நேர் விரோதம். கோர்ட்டில் பழகியோருக்கு இது வியப்பன்று.

தாம்பரம் விமானத்தின் வால் என்ன சொல்லுமோ, நாம் ஊகிக்க மாட்டோம். ஆழம் அதிகமென்ற சமாதானமும் செல்லாது. ஏர் பிரான்ஸ் விமானத்தின் பதிவுக் கருவிகள் 2011-ல் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தினின்று எடுக்கப்பட்டன. செலவு பெரிதுதான். எனினும் 2019 ஜூனில் அருணாசலப் பிரதேசத்தில் இவ்வகை விமானம் மற்றொன்று 13 பேருடன் வீழ்ந்ததை மறப்பதெங்ஙனம்?

அந்த 29 குடும்பத்தாருக்கு முதலில் கிட்டியது "இறந்ததாகக் கருதப்படுகின்றனர்" என்ற வாசகம். பின்னர் சில புகைப்படங்கள். எடுக்கக்கூடிய பாகங்களைக் கரையேற்றிப் பரிசோதித்து, அறிக்கையை ஒளிவுமறைவின்றிப் பிரசுரிக்க வேண்டுமென்பதே சர்க்காருக்கு நாம் விடுக்கும் கோரிக்கை.